பிஸ்கட் டின்னுக்குள் 16 வகைக் குளிசைகள்

திருகோணமலை உப்புவெளியில் இருக்கிற எங்கள் பெரியம்மாவுக்கு 76 வயது. மகன் கனடாவில், மகள் கல்யாணம் முடித்து மட்டக்களப்பில், பெரியப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம். போன வருடம் கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் போய்ப் பார்த்தேன். கதிரையில் இருந்து எழும்பியவர் இரண்டு எட்டு வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "ஒண்டுமில்லை தம்பி, எழும்பினா கொஞ்சம் தலை சுத்துது, வயசுதானே" என்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. என்ன மருந்து எடுக்கிறீங்கள் பெரியம்மா என்று கேட்டதற்கு, அலுமாரியைத் திறந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கையில் தந்தார்.

பாயை விரித்து அந்த டின்னைக் கவிழ்த்தோம். கிளினிக்கில் கொடுக்கிற சின்னக் கடதாசி உறைகள், தனியார் டொக்டர் எழுதிக் கொடுத்துப் பாமசியில் வாங்கிய அட்டைகள், பெயர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டுப்போன அரை அட்டைகள், கனடாவிலிருந்து வந்த ஒரு பெரிய போத்தல், ஒரு பொலித்தீன் பைக்குள் மூன்று நிறத்தில் உதிரிக் குளிசைகள். எண்ணிப் பார்த்தால் 16 வகை. பெரியம்மாவுக்கு எல்லாம் நிறத்தால்தான் தெரியும். "இந்த ரோசா பிறஷருக்கு, சின்ன வெள்ளை சீனிக்கு, மற்ற வெள்ளை கால் வீக்கத்துக்கு, மஞ்சள் நோவுக்கு, இது நித்திரைக்கு" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டு போனார். தடுமாற்றம் இல்லை, மறதியும் இல்லை. ஒரு நேரம் கூடத் தவறவிடாமல் எடுக்கிற மனுசி. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதானவர்களுக்கு மருந்தால் கேடு வந்தால் "அவர் மறந்துபோய் மாறி எடுத்திட்டார்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னபடியே எடுத்தார், அதனால்தான் வந்தது வினை.

கிளினிக் உறையில் பிறஷருக்கான லோசார்ட்டன் 50 என்று எழுதியிருந்தது, காலை ஒன்று, இரவு ஒன்று. இன்னொரு அட்டையில் பெரிய எழுத்தில் ஏதோ ஒரு கம்பனிப் பெயர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக அதே லோசார்ட்டன். தை மாதம் காய்ச்சல் என்று தனியார் டொக்டரிடம் போயிருக்கிறார், கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை, காய்ச்சலும் பதற்றமுமாக இருந்த நேரத்தில் அளந்த பிறஷர் கூடுதலாக இருந்திருக்கும், அவரும் ஒரு பிறஷர்க் குளிசை எழுதியிருக்கிறார். முடிந்த பிறகு பெரியம்மா வெறும் அட்டையைப் பாமசியில் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறார். நாலைந்து மாதமாக ஒரே மருந்து இரண்டு பெயரில் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. எழும்பியதும் தலை சுற்றியதற்கு வயது மட்டும் காரணம் என்று யாராவது இனிச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

எழுதிக் கொடுத்த யாரும் பிழையாக எழுதவில்லை. கிளினிக் டொக்டர் தன் முன்னால் இருந்த கொப்பியைப் பார்த்து எழுதினார், தனியார் டொக்டர் தன் முன்னால் இருந்த காய்ச்சல்காரியைப் பார்த்து எழுதினார், பாமசிக்காரர் காட்டிய அட்டையைப் பார்த்துக் கொடுத்தார், மகன் தாய்க்கு நோ என்று கேட்டு மனம் பொறுக்காமல் அனுப்பினான். இந்த 16ஐயும் ஒன்றாகப் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. அந்த மருந்துகள் எல்லாம் ஒன்று சேருகிற ஒரே இடம் அந்த டின்தான், அது அலுமாரிக்குள் இருந்தது.

இது பெரியம்மா வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1981இல் இலங்கையில் 100 பேரை எடுத்தால் 60 வயது தாண்டியவர்கள் ஏழு பேர் கூட இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் அது 12ஐத் தாண்டிவிட்டது, இப்போது இன்னும் கூடியிருக்கும். நம்முடைய திருகோணமலையில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் எத்தனை என்று தெருவுக்குத் தெரு நமக்கே தெரியும். உவர்மலையிலும் பாலையூற்றிலும் கனடா, லண்டன், கிண்ணியாவிலும் மூதூரிலும் சவூதி, கட்டார். வயதானவர்கள் வீட்டில் தனியாக, அல்லது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், பிறஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றும் கூடவே இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்தால் வருகிற தவிர்க்கக்கூடிய தீங்கைக் குறைக்க வேண்டும் என்று உலகளாவிய வேலைத்திட்டம் ஒன்றையே தொடங்கியது. அது முன்னுரிமை கொடுக்கச் சொன்னவற்றில் இரண்டு, ஒருவர் ஒரே நேரத்தில் பல மருந்து எடுப்பதும், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு, அதாவது வார்ட்டிலிருந்து வீட்டுக்கோ ஒரு டொக்டரிடமிருந்து இன்னொருவரிடமோ மாறுவதும். பெரியம்மாவின் டின்னுக்குள் இரண்டும் இருந்தன.

சரி, இளையவர் ஒருவர் இதே குளிசைகளை எடுத்தால் ஏன் இவ்வளவு பாதிப்பு வருவதில்லை? உடம்பு மாறிவிடுகிறது. 40 வயதுக்குப் பிறகு சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டுகிற அளவு சராசரியாக ஒவ்வொரு வருடமும் நிமிடத்துக்கு 1 மில்லிலீட்டர் போலக் குறைந்துகொண்டு போகிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை, ஆனால் 75 வயதில் பலருக்கு மூன்றில் இரண்டு பங்கு போலத்தான் மிஞ்சியிருக்கும். சிறுநீரால் வெளியேற வேண்டிய மருந்து அந்த அளவுக்கு உள்ளே தங்கும். இதில் ஒரு பொறியும் இருக்கிறது. சிறுநீரகத்தைப் பார்க்க எடுக்கிற கிரியற்றினின் பரிசோதனை தசையிலிருந்து வருகிற ஒரு கழிவைத்தான் அளக்கிறது, மெலிந்துபோன ஆச்சி ஒருவருக்குத் தசையே குறைவு என்பதால் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் எண் நல்லதாகவே தெரியலாம். வயதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று, வயதாக உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடும். கொழுப்பில் கரைகிற மருந்து அங்கே போய்த் தங்கிவிடும். நித்திரைக் குளிசை என்று நாங்கள் சொல்கிற டயசிபாமை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய 20 வயதில் சுமார் 20 மணித்தியாலம் ஆகும், 80 வயதில் சுமார் 90 மணித்தியாலம். ஏறக்குறைய நாலு நாள். ஒவ்வொரு இரவும் ஒன்று எடுத்தால் நேற்றையது முந்தாநாளையது எல்லாம் சேர்ந்துதான் இன்றைக்கு வேலை செய்யும். காலையில் மந்தம், நடையில் தள்ளாட்டம், இரவில் கக்கூசுக்கு எழும்பும்போது விழுவது, இடுப்பெலும்பு முறிவது. விழுந்த பிறகு "இருட்டில தடக்குப்பட்டுட்டா" என்கிறோம்.

அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற முதியோர் வைத்தியர் 1991இல் வயதானவர்களுக்கு முடிந்தவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். இன்றைக்கும் அது அவர் பெயராலேயே திருத்தித் திருத்தி வெளிவருகிறது, 2023இலும் ஒரு திருத்தம் வந்தது. அதில் இருக்கிற பெயர்கள் ஏதோ அபூர்வமான மருந்துகள் இல்லை, டயசிபாம், டைக்ளோஃபெனாக் போன்ற நோக்குளிசைகளை நாள்பட எடுப்பது, சீனிக்குக் கொடுக்கிற கிளிபென்கிளமைட், தடிமனுக்கு நாங்கள் சாதாரணமாகக் கேட்டு வாங்குகிற பிரிட்டோன் என்கிற குளோர்பெனிரமின். நம் வீடுகளில் கிடக்கிறவைதான். பிரிட்டோன் சின்ன மஞ்சள் குளிசைதானே என்று நினைப்போம். வயதானவருக்கு அது வாயை வறளச்செய்யும், மலச்சிக்கலைக் கூட்டும், புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஐயாவுக்குச் சிறுநீரையே அடைத்துவிடக்கூடும், சிலருக்கு ஆள் யாரென்றே தெரியாமல் புத்தி தடுமாறும். கனடாப் போத்தல்களில் "இரவுக்கு" என்று போட்டு வருகிற நோக்குளிசைகளுக்குள்ளும் அதே இனத்து மருந்து ஒன்று கலந்திருக்கும்.

கால் வீக்கத்துக்கு வருகிறேன். பெரியம்மாவுக்கு ஒரு வருடத்துக்கு முன்னர் பிறஷருக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல மருந்து, ஆனால் அந்த அளவில் கணுக்கால் வீக்கம் அதற்குத் தெரிந்த பக்கவிளைவு. வீக்கத்தைப் பார்த்த இன்னொருவர் நீர் போக ஃபுரோசமைட் எழுதினார். அது வேலை செய்தால் இரவில் மூன்று நாலு தடவை எழும்ப வேண்டும். நித்திரை கெட்டது என்று போய்ச் சொன்னதற்கு வந்ததுதான் டயசிபாம். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது. வைத்தியத்தில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு, மருந்து அடுக்கு அருவி என்று தமிழில் சொல்லலாம். அம்லோடிபினைப் பாதியாகக் குறைத்திருந்தால் மற்ற இரண்டும் வந்தே இருக்காது. அதனால் வயதானவருக்குப் புதிதாக ஒரு கோளாறு வந்தால், அது நடுக்கமோ மறதியோ இருமலோ எதுவாக இருந்தாலும், "போன ஒன்றிரண்டு மாதத்தில் புதுசாக என்ன குளிசை தொடங்கினார்" என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். எனாலப்ரில் வகைப் பிறஷர்க் குளிசைக்குச் சிலருக்கு வறட்டு இருமல் வரும், அதற்கு மாதக்கணக்கில் பாணி குடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நோக்குளிசையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், என் மனதில் இதுதான் ஆகப் பெரிய ஆபத்து. மூட்டு நோ இல்லாத வயதானவர் யார்? நோ பொறுக்காமல் பாமசிக்குப் போய் "நோவுக்கு நல்லதா ஒண்டு தாங்கோ தம்பி" என்றால் அனேகமாக வருவது டைக்ளோஃபெனாக். ஒரு மணித்தியாலத்தில் நோ குறையும். அதனாலேயே அதில் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் லோசார்ட்டன் அல்லது எனாலப்ரில் போல ஒரு பிறஷர்க் குளிசை, ஃபுரோசமைட் அல்லது ஹைட்ரோகுளோரோதயசைட் போல நீர் போக்குகிற குளிசை, இவற்றோடு டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்தாலும் அடி விழும். வடிகட்டுகிற இடத்துக்கு இரத்தம் வருகிற குழாய் ஒன்று, போகிற குழாய் ஒன்று இருக்கிறது. நீர் போக்குகிற குளிசை உடம்பில் ஓடுகிற நீரையே குறைத்துவிடும். அப்போது சிறுநீரகம் வருகிற குழாயை விரித்து, போகிற குழாயைச் சுருக்கி, உள்ளே அழுத்தத்தைத் தக்கவைத்துச் சமாளிக்கப் பார்க்கும். டைக்ளோஃபெனாக் வருகிற குழாயை விரிய விடாது, லோசார்ட்டன் போகிற குழாயைச் சுருங்க விடாது. வடிகட்ட அழுத்தமே இல்லாமல் போய்விடும். ஆனி, ஆடி மாதத்துக் கச்சானில் வேர்த்துக் கொட்டி, தண்ணீரும் குறைவாகக் குடித்து, இரவில் எழும்ப வேண்டுமே என்று பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்டீ கூடக் குடிக்காமல் இருக்கிற ஒரு ஆச்சிக்கு இது சில நாட்களிலேயே நடந்துவிடலாம். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்த நாட்களில் இன்னும் மோசம். அப்படியான நாட்களில் பிறஷர்க் குளிசை, நீர் போக்குகிற குளிசை, சீனிக்கான மெட்ஃபோர்மின் இவற்றைத் தொடரலாமா இடைநிறுத்தலாமா என்று அன்றைக்கே டொக்டரிடம் கேட்க வேண்டும், அடுத்த கிளினிக் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

டைக்ளோஃபெனாக்கே பிறஷரைக் கூட்டும், காலையும் வீங்கப்பண்ணும். கிளினிக்கில் பிறஷர் ஏறியிருக்கிறது என்று மருந்தைக் கூட்டுவார்கள், காரணம் வீட்டு அலுமாரிக்குள் இருக்கும். இதயத்துக்காகத் தினமும் அஸ்பிரின் எடுக்கிறவர் இதையும் எடுத்தால் வயிற்றுக்குள் புண்ணாகி இரத்தம் கசியக்கூடும், மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அது அவசரம். பூசுகிற ஜெல்லாக இருந்தால் இரத்தத்துக்குள் போகிற அளவு மிகக் குறைவு. முழங்கால் நோவுக்குக் குளிசையை விட முதலில் அதைக் கேட்கலாமே.

அந்தப் பொலித்தீன் பைக்குள் இருந்த மூன்று நிறத்து உதிரிக் குளிசைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். ஒரு பாமசியில் "மூண்டு நாளைக்கு" என்று கலந்து கொடுத்திருக்கிறார்கள், பெயரும் இல்லை, திகதியும் இல்லை. இப்படியான கலவைகளுக்குள் ப்ரெட்னிசொலோன் அல்லது டெக்ஸாமெதசோன் போல ஸ்டீரொயிட் ஒன்று இருந்தால் நோவும் இழுப்பும் மந்திரம் போட்ட மாதிரி நிற்கும், சனம் அந்தப் பாமசியையே தேடிப் போகும். அதே குளிசை சீனியை ஏற்றும், எலும்பைக் கரைக்கும், மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரக்க மறந்துபோய் ஆள் மயங்கி விழலாம். 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது, டொக்டரின் துண்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் எவை என்றும் இருக்கிறது. பெயர் எழுதாத பையை வாங்குவதில்லை என்று நாங்களாவது பிடிவாதமாக இருந்தால் நல்லது.

பெரிய போத்தல் டைலனோல். பெரியம்மா பகலில் பனடோலும் இரவில் "கனடாக் குளிசையும்" எடுத்துக்கொண்டிருந்தார், இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து. அங்கே அசிட்டமினோஃபென் என்று எழுதுவார்கள், இங்கே பரசிட்டமோல் என்று எழுதுவார்கள், மருந்து ஒன்றே. 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டு என்பதுதான் வளர்ந்தவர் ஒருவருக்கு உச்ச அளவு, 50 கிலோவுக்குக் குறைந்த மெலிந்த உடம்புக்கு அதுவே அதிகம். அளவோடு எடுத்தால் நோக்குளிசைகளில் வயதானவருக்குப் பாதுகாப்பானது பரசிட்டமோல்தான், ஆனால் இரண்டு பெயரில் எடுத்தால் ஈரல் தாங்காது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன், அனுப்புவதற்கு முன்னர் போத்தலின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இங்கே இருக்கிற ஒருவருக்கு அனுப்புங்கள். அட்வில் என்றால் இபுப்ரோஃபென், அலீவ் என்றால் நப்ரொக்ஸன், இரண்டும் டைக்ளோஃபெனாக்கின் உறவுதான்.

பெயர் விசயத்தில் நாங்கள் ஒரு காலத்தில் உலகத்துக்கே முன்மாதிரி. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரால் எழுத வேண்டும், தேவையான மருந்துகளை மட்டும் மொத்தமாக வாங்க வேண்டும் என்று நின்றார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அப்படித்தான் பிறந்தது. அவர் விலையைக் குறைக்கத்தான் பார்த்தார், ஆனால் பொதுப் பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு: ஒரே மருந்து இரண்டு தடவை வந்தால் கண்ணில் படும். அரச கிளினிக் உறையில் இன்றைக்கும் பொதுப் பெயர்தான் எழுதுகிறார்கள். வெளியில் வாங்குகிற அட்டையில் கம்பனிப் பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் எறும்பு அளவிலும் இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெரியம்மாவுக்கு நிறம்தான் எழுத்து. 2022 நெருக்கடியில் மருந்து தட்டுப்பாடாகி ஒவ்வொரு மாதமும் வேறு வேறு கம்பனிக் குளிசை வந்தபோது அந்த எழுத்தும் மாறிப்போனது. போன மாதம் ரோசாவாக இருந்த பிறஷர்க் குளிசை இந்த மாதம் வெள்ளையாக வரும், பழைய ரோசா கொஞ்சம் மிச்சம் இருக்கும், இரண்டையும் எடுப்பார். அல்லது வெள்ளை என்றால் சீனிக் குளிசைதானே என்று அதைக் கூட்டிவிடுவார்.

சீனிக் குளிசை கூடினால் பிறஷரை விடப் பயம். கிளிபென்கிளமைட் வயதானவர் உடம்பில், அதுவும் சிறுநீரகம் குறைந்தவரில், நீண்ட நேரம் நிற்கும். சாப்பிடாமல் எடுத்தால் சீனி இறங்கி வேர்க்கும், நடுங்கும், பேச்சுக் குழறும், சிலர் கோபப்படுவார்கள், சிலர் சம்பந்தமில்லாமல் கதைப்பார்கள். வீட்டில் "விசர் மாதிரிக் கதைக்கிறா" என்றோ பாரிசவாதம் என்றோ நினைப்போம். அட்டெனொலோல், பிஸொப்ரொலோல் போன்ற இதயக் குளிசை எடுக்கிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வேர்வை மட்டும் இருக்கும். ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும், மயக்கத்தில் இருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். தெளிந்துவிட்டார் என்று வீட்டில் விட்டுவிடவும் கூடாது, இந்தக் குளிசை உள்ளே இருக்கும்வரை சீனி திரும்பவும் இறங்கும், அதனால் வைத்தியசாலையில் வைத்துப் பார்ப்பார்கள்.

நம்முடைய ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு, விரதம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்துக் கோணேஸ்வரத்துக்குப் போய்வருகிற ஆச்சிமார் எத்தனை பேர். கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டைப் பக்கம் நோன்பு மாதம் முழுக்க ஸஹர் தொடக்கம் இப்தார் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருக்கிற வாப்பாமார், உம்மாமார். விரதம் பிடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவர்களுக்கு அது உயிர் மாதிரி. ஆனால் வழக்கமாகக் காலையில் எடுக்கிற சீனிக் குளிசையை அன்றைக்கும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு இருப்பதுதான் ஆபத்து. ஒரு மாதம் இரண்டு மாதம் முன்பே கிளினிக்கில் சொன்னால் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள், யார் பிடிக்கலாம் யார் கூடாது என்றும் பார்த்துச் சொல்வார்கள். டொக்டர் ஏசுவார் என்று பலர் சொல்வதில்லை. டொக்டர்மார் ஏசாமல் கேட்டுக்கொண்டால் சொல்வார்கள்.

கை மருந்தைப் பற்றியும் இதே கதைதான். இருமலுக்குக் குடிக்கிற கசாயத்தில் அதிமதுரம் இருக்கும், அது நாள்பட உடம்பில் பொற்றாசியத்தைக் குறைத்துப் பிறஷரைக் கூட்டும், நீர் போக்குகிற குளிசையோடு சேர்ந்தால் பொற்றாசியம் இன்னும் இறங்கி இதயத் துடிப்பே பிசகலாம். பரியாரியிடம் எடுப்பதைக் கிளினிக்கில் சொல்லக் கூச்சப்படுகிறோம். சொல்ல வேண்டும்.

தூரமும் ஒரு காரணம். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து கிளினிக்குக்கு வர விடிய முதல் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் மருந்து முடியும், பாதிப் பாதியாக உடைத்து எடுப்பார்கள், அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையில் இரண்டைக் கடன் வாங்குவார்கள். கொரோனா காலத்தில் கிளினிக் மருந்து தபாலில் வீடு தேடி வந்தது. எழும்பி நடக்க முடியாதவர்களுக்கு அதைத் தொடர்ந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். உடைப்பதிலும் கவனம் வேண்டும், மெதுவாகக் கரைகிற மாதிரிச் செய்த நிஃபெடிபின், தியோஃபிலின் குளிசைகளை உடைத்தாலோ இடித்தாலோ ஒரு நாளைக்கான மருந்து ஒரேயடியாக உள்ளே போகும்.

பெரியம்மாவுடைய அடுத்த கிளினிக் நாள் வரும்வரை நான் எதையும் நானாக நிறுத்தச் சொல்லவில்லை, இரட்டை லோசார்ட்டனையும் பெயரில்லாத பையையும் தவிர. அதுவும் தெரிந்த டொக்டர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான். பிழை கண்டவுடன் எல்லாவற்றையும் தூக்கி எறிகிற ஆவேசம் வரும், எனக்கும் வந்தது. அட்டெனொலோலைத் திடீரென்று விட்டால் நெஞ்சு வலி வரலாம், டயசிபாமை விட்டால் பதற்றமும் நித்திரையின்மையும் சிலருக்கு வலிப்பும் வரலாம், வலிப்புக் குளிசையையும் ஸ்டீரொயிட்டையும் சொல்லவே வேண்டாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், எந்தப் படி என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

டின்னோடு அப்படியே தூக்கிக்கொண்டு போனோம். வரிசையில் நல்ல சனம், எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம் கூட இருக்காது. அந்த இளம் டொக்டர் பிள்ளை மேசையில் ஒரு பக்கத்தை ஒதுக்கி எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்தார். இருந்தபடி பிறஷர் எடுத்தார், எழும்ப வைத்து மூன்று நிமிடத்துக்குள் திரும்ப எடுத்தார், மேல் எண் 20க்கு மேல் இறங்கியது. "அம்மா, இதைத்தான் நீங்கள் தலைச்சுத்து எண்டு சொல்லுறீங்கள்" என்றார். அம்லோடிபின் 10 ஐந்தாகியது, டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினார், வீக்கம் வடிந்தால் ஃபுரோசமைட்டையும் விடலாம் என்றார், டயசிபாமைப் பாதியாக்கிச் சில வாரங்களில் விடச் சொன்னார். 16 ஒன்பதாகியது. ஒவ்வொன்றுக்கும் எதற்கு என்று நான் கேட்க, அவர் சலிக்காமல் சொல்ல, கொப்பியில் எழுதிக்கொண்டேன். வெளியே வரும்போது பெரியம்மா, "இவ்வளவு காலமும் கொப்பியை மட்டும்தான் காட்டினனான்" என்றார்.

இப்போது அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பெரிய தமிழ் எழுத்தில் மருந்தின் பொதுப் பெயர், எதற்கு, காலை எத்தனை, இரவு எத்தனை, யார் எப்போது தொடங்கியது. குளிசை நிறம் மாறினால் புதுக் குளிசை ஒன்றைப் பெயருக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுகிறோம். தாளின் படம் மகனின் கைத்தொலைபேசியிலும் மகளிடமும் என்னிடமும் இருக்கிறது. காய்ச்சல், தடிமன் என்று எங்கே போனாலும் கொப்பியோடு அந்தப் படமும் போகிறது. மருந்து வாங்குவதும் ஒரே பாமசியில்தான், மருந்தாளர் இருக்கிற நேரம் பார்த்து. அடுத்த பார்சலில் என்ன குளிசை போட என்று மகன் கேட்டபோது, "குளிசை வேண்டாம் மோனை, வழுக்காத செருப்பு ஒண்டு அனுப்பு" என்றிருக்கிறார்.

கால் வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்துவிட்டது. முழங்கால் நோ போகவில்லை, அதற்கு ஜெல்லும் பரசிட்டமோலும், காலையில் கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்குகிற பயிற்சியும். நித்திரை இன்னும் முழுதாகச் சரிவரவில்லை, சில இரவுகளில் பழைய குளிசையைக் கேட்கிறார், அதைப் பற்றிக் கதைக்க வேண்டும். அடுத்த கிளினிக் வருகிற புதன்கிழமை, கிரியற்றினினும் பொற்றாசியமும் பார்க்கத் துண்டு தந்திருக்கிறார்கள், கொப்பிக்குள் வைத்திருக்கிறோம்.